வளராத கிருமிக்குப் பெயர் சொல்வது: இதய வால்வுத் தொற்றில் மூலக்கூறுச் சோதனைகள்

இதய வால்வில் தொற்று இருக்கிறதா என்று அறிவது ஒரு வேலை. அந்தத் தொற்றை உண்டாக்கிய கிருமி எது என்று அறிவது இன்னொரு வேலை. முதல் வேலையை எக்கோ பரிசோதனை பெரும்பாலும் முடித்துவிடுகிறது. இரண்டாவது வேலைக்கு மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாக நம்பியிருப்பது ரத்தக் கல்ச்சரை. நோயாளியின் ரத்தத்தை ஊட்டக் கரைசல் உள்ள புட்டியில் செலுத்தி, வெதுவெதுப்பில் வைத்து, எது வளர்கிறது என்று பார்ப்பார்கள். சிலருடைய புட்டியில் எதுவும் வளர்வதில்லை. வெளியான ஆய்வுகளில் இவர்களின் பங்கு நூற்றுக்கு இரண்டு மூன்று பேரிலிருந்து முப்பதுக்கு மேல் வரை வேறுபடுகிறது. சண்டிகரில் 1981 முதல் 1991 வரை சிகிச்சை பெற்ற 186 நோயாளிகளைப் பற்றிய ஆய்வில், கல்ச்சரில் கிருமி கிடைத்தவர்கள் பாதிக்கும் குறைவு. அந்த நோயாளிகளின் சராசரி வயது 25.

கிருமி வளராவிட்டாலும் அதன் மரபணு அங்கே இருக்கும். அதைப் படித்தால் பெயர் தெரியும். இந்த எண்ணத்தில் பிறந்தவைதான் மூலக்கூறுச் சோதனைகள். கடந்த முப்பது ஆண்டுகளில் அவை சாதித்தது என்ன, எங்கே தடுமாறுகின்றன, இந்திய மருத்துவமனைகளுக்கு அவற்றால் என்ன பயன் என்பதை இக்கட்டுரை பரிசீலிக்கிறது. கருவி எவ்வளவு நவீனமானது என்பதைவிட, அதற்குள் வைக்கும் மாதிரி எது, அது எப்போது எடுக்கப்பட்டது, முடிவை யார் எப்படிப் படிக்கிறார்கள் என்பவையே பயனைத் தீர்மானிக்கின்றன என்பதே இப்பரிசீலனையிலிருந்து தெரிவது.

பெயர் ஏன் தேவை

வில்லியம் ஆஸ்லர் 1885இல் லண்டனில் இந்நோயைப் பற்றி நிகழ்த்திய உரைகள் பெயர்பெற்றவை. அன்று இந்நோய் ஏறக்குறைய மரண தண்டனைதான். 1940களில் பெனிசிலின் வந்தபின் குணமாக்க முடிந்தது. ஆனால் இன்றும் மருத்துவமனையில் சேர்பவர்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் இறக்கிறார். ஆன்டிபயாடிக்கைப் பெரும்பாலும் நான்கு முதல் ஆறு வாரம் ரத்தக்குழாய் வழியாகச் செலுத்த வேண்டியிருக்கிறது. கிருமி எதுவென்று தெரியாவிட்டால் இரண்டு மூன்று மருந்துகளைச் சேர்த்து அனுமானத்தில்தான் கொடுக்க வேண்டும். அவற்றுள் சில சிறுநீரகத்தையும் செவியையும் பாதிக்கக்கூடியவை.

பெயர் தெரிந்தால் மருந்தின் காலமே மாறிவிடும். க்யூ காய்ச்சலை உண்டாக்கும் காக்ஸியெல்லா பர்னெட்டி வால்வில் குடியேறியிருந்தால், டாக்சிசைக்ளினையும் ஹைட்ராக்சிகுளோரோகுயினையும் சேர்த்துக் குறைந்தது 18 மாதம் கொடுக்க வேண்டும். வழக்கமான ஆறு வார ஊசி அதை ஒழிக்காது. டென்மார்க்கில் 400 நோயாளிகளிடம் நடத்தி 2019இல் வெளியிட்ட போயட் ஆய்வு, நிலை சீரான நோயாளிகளை ஊசியிலிருந்து மாத்திரைக்கு மாற்றலாம் என்று காட்டியது. ஆனால் அதில் சேர்க்கப்பட்டவர்கள், குறிப்பிட்ட நான்கு வகைக் கிருமிகளில் ஒன்று உறுதியானவர்கள் மட்டுமே. பெயர் தெரியாத நோயாளிக்கு அந்த வசதி எட்டாது.

கிருமியின் பெயர் அது வந்த வழியையும் காட்டும். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கேலோலிட்டிகஸ் கிடைத்தால் பெருங்குடலில் புற்றுநோய் இருக்கிறதா என்று கொலோனோஸ்கோப்பி செய்து பார்ப்பார்கள். வாயில் வாழும் ஸ்ட்ரெப்டோகாக்கஸ் என்றால் பல்லையும் ஈறையும் சோதிப்பார்கள். ஸ்டாஃபிலோகாக்கஸ் ஆரியஸ் என்றால் டயாலிசிஸ் குழாய், ரத்தக்குழாயில் போட்ட ஊசி போன்றவற்றின் மீது கண் போகும்.

கல்ச்சர் தோற்கும் இடங்கள்

முதல் காரணம் எளிது: கல்ச்சர் எடுக்கும் முன்பே ஆன்டிபயாடிக் கொடுத்துவிடுவது. காய்ச்சலுக்கு இரண்டு நாள் மருந்து சாப்பிட்ட நோயாளியின் வால்வில் கிருமி உயிரோடுதான் இருக்கும். ரத்தத்தில் மட்டும் அது வளர முடியாத அளவுக்குக் குறைந்துவிடும். கல்ச்சர் தோற்பதற்கு உலகெங்கும் இதுவே முதன்மைக் காரணமாகச் சொல்லப்படுகிறது.

இரண்டாவது காரணம் கிருமியின் இயல்பு. காக்ஸியெல்லாவும் விப்பிள் நோய்க் கிருமியான ட்ரோஃபெரிமா விப்ளெயியும் வழக்கமான கல்ச்சர் புட்டியில் வளர்வதில்லை. பார்ட்டோனெல்லா மிக மெதுவாக வளரும்; வழக்கமான ஐந்து நாள் காத்திருப்பு அதற்குப் போதாது. ஒரு காலத்தில் கல்ச்சருக்கு அகப்படாதவை என்று பட்டியலிடப்பட்ட, ஹேசெக் என்று தொகுத்து அழைக்கப்படும் பாக்டீரியாக்கள் இன்றைய தானியங்கிக் கருவிகளில் ஐந்து நாளுக்குள் வளர்ந்துவிடுகின்றன. ஆகவே பழைய பாடநூல்களில் உள்ள பட்டியலை அப்படியே இன்றைக்குப் பொருத்த முடியாது.

மூன்றாவது, தொற்றே இல்லாத நிலை. லூபஸ் நோயிலும் சில புற்றுநோய்களிலும் கிருமி இல்லாமலே வால்வில் படிவுகள் உருவாகும். எக்கோவில் அவையும் தொற்றுப் படிவுகளைப் போலவே தெரியும். கிருமியைத் தேடும்போது இந்த வாய்ப்பையும் மறக்கக் கூடாது.

16எஸ் மரபணு

எல்லா பாக்டீரியாவிலும் புரதத்தைக் கட்டும் ரைபோசோம் உண்டு. அதன் ஒரு பகுதியை உருவாக்கும் 16எஸ் ஆர்ஆர்என்ஏ மரபணு ஏறத்தாழ 1,500 எழுத்துகள் நீளமுள்ளது. அதில் சில பகுதிகள் எல்லா பாக்டீரியாவிலும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருக்கும். இடையிடையே வரும் ஒன்பது பகுதிகள் இனத்துக்கு இனம் மாறும். கார்ல் வோஸ் 1970களில் இந்த மூலக்கூற்றை ஒப்பிட்டுத்தான் நுண்ணுயிர்களின் வம்சாவளியை வரைந்தார். ஆர்க்கியா என்ற தனிக் குலத்தை 1977இல் அடையாளம் கண்டதும் இதே வழியில்தான். டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் முறையை கேரி முல்லிஸ் 1983இல் வகுத்தார். அதற்கு 1993இல் நோபல் பரிசு கிடைத்தது.

இந்த இரண்டும் சேர்ந்தால் சோதனை தயார். மாறாத பகுதிகளில் ஒட்டும் சிறு டிஎன்ஏ துண்டுகளான பிரைமர்களைக் கொண்டு எந்த பாக்டீரியாவின் 16எஸ் மரபணுவையும் பெருக்கலாம். பெருகியதை வரிசைப்படுத்தி, தரவுத்தளத்தில் ஒப்பிட்டால் பெயர் கிடைக்கும். எந்தக் கிருமி என்று முன்கூட்டி ஊகிக்கத் தேவையில்லை என்பதே இதன் பலம். குறிப்பிட்ட ஒரு கிருமியின் மரபணுவை மட்டும் தேடும் பிசிஆர் இதற்கு நேர் எதிர். அது நுட்பமானது, வேகமானது. ஆனால் நாம் சந்தேகித்ததை மட்டுமே காட்டும். பூஞ்சைகளிடம் 16எஸ் இல்லாததால் அவற்றுக்கு 18எஸ் அல்லது ஐடிஎஸ் பகுதிகளைத் தேடுவார்கள்.

வால்வுத் திசு கற்றுத்தந்தவை

வால்வுத் தொற்று நோயாளிகளில் ஏறத்தாழ பாதிப் பேருக்கு அறுவை சிகிச்சை தேவைப்படுகிறது. வெட்டியெடுத்த வால்வுதான் மூலக்கூறுச் சோதனைக்குக் கிடைக்கும் மிகச் சிறந்த மாதிரி. வால்வில் ஒட்டிய படிவின் ஒரு கிராமில் நூறு கோடிக்கும் மேற்பட்ட பாக்டீரியாக்கள் இருக்கக்கூடும். ஆன்டிபயாடிக்கால் அவை செத்திருந்தாலும் டிஎன்ஏ எஞ்சியிருக்கும். அறுவைக்கு முன் வாரக்கணக்கில் மருந்து பெற்ற நோயாளியின் வால்வைக் கல்ச்சருக்கு அனுப்பினால் பெரும்பாலும் ஒன்றும் வளராது. அதே திசுவில் 16எஸ் பிசிஆர் பல சமயம் பெயர் சொல்லிவிடும். ஆய்வுக்கு ஆய்வு எண்கள் மாறினாலும் இந்த வேறுபாடு தொடர்ந்து தென்படுகிறது.

1997இல் சூரிச் குழு ஒன்று, வெட்டியெடுத்த வால்வுகளில் 16எஸ் மரபணுவை நேரடியாகப் பெருக்கிப் படித்துக் கிருமிகளை அடையாளம் கண்டது. விப்பிள் நோய்க் கிருமி இதய வால்வில் தென்பட்டதும் அக்காலத்தில்தான். அந்நோயை ஜார்ஜ் விப்பிள் 1907இலேயே விவரித்திருந்தார். கிருமியை மட்டும் யாராலும் வளர்க்க முடியவில்லை. 1990களின் தொடக்கத்தில் அதன் 16எஸ் வரிசைதான் முதலில் கிடைத்தது. அதை வைத்தே பெயரும் சூட்டப்பட்டது. ஆய்வகத்தில் வளர்ந்தது 2000இல், மார்செய் நகரில். அதற்கு மாதிரி கொடுத்தது ஒரு நோயாளியின் இதய வால்வு. குடல்நோய் என்று மட்டும் நினைக்கப்பட்ட ஒன்று, குடலில் எந்த அறிகுறியும் இல்லாமல் இதயத்தைத் தாக்கும் என்பது மூலக்கூறுச் சோதனை இல்லாமல் வெளிவந்திருக்காது. 2012இல் வெளியான ஜெர்மன் ஆய்வு ஒன்றில், வால்வில் பிசிஆர் மூலம் கிருமி உறுதியான 255 பேரில் 16 பேரிடம் இருந்தது ட்ரோஃபெரிமா விப்ளெயிதான். அவ்வாய்வில் அதற்கு நான்காம் இடம்.

பழைய தவறு ஒன்றையும் மூலக்கூறுச் சோதனை திருத்தியது. ரத்தத்தில் எதிரணுக்களை (ஆன்டிபாடி) அளக்கும் சோதனையை வைத்து, கிளமிடியா வால்வுத் தொற்று என்று பல நோயாளிகளுக்கு முன்பு முத்திரை குத்தப்பட்டிருந்தது. பார்ட்டோனெல்லாவுக்கு எதிரான எதிரணுக்கள் கிளமிடியா சோதனையிலும் ஒட்டிக்கொள்வதை 1990களின் பிற்பகுதியில் மார்செய் ஆய்வாளர்கள் காட்டினர். எதிரணுக்களையும் டிஎன்ஏவையும் சேர்த்துப் பார்த்தபோது அந்த நோயாளிகளில் பெரும்பாலோரின் உண்மையான கிருமி பார்ட்டோனெல்லாவாக இருந்தது. முதல் உலகப் போரின் பதுங்குகுழிகளில் சிப்பாய்களை வாட்டிய பார்ட்டோனெல்லா குயின்டானா, உடற்பேன் வழியாக இன்றும் வீடற்றவர்களிடம் பரவுகிறது. அதன் உறவான ஹென்செலே பூனைகளிடமிருந்து வருகிறது.

ஆயினும் பிசிஆரைத் தனித்து உயர்த்திப் பேசுவது நேர்மையாகாது. மார்செய் குழு 2010இல் வெளியிட்ட ஆய்வு, கல்ச்சர் தோற்ற 819 நிகழ்வுகளை எடுத்துக்கொண்டு எதிரணுச் சோதனை, பிசிஆர், திசுப் பரிசோதனை அனைத்தையும் ஒழுங்குபடுத்திச் செய்தது. ஐந்தில் மூன்று பங்குக்கும் சற்று அதிகமானோருக்குக் காரணம் கிடைத்தது. அவற்றில் பெரும்பகுதியைக் கண்டுபிடித்தது எதிரணுச் சோதனைதான். காக்ஸியெல்லாவுக்கும் பார்ட்டோனெல்லாவுக்கும் ஒரு சொட்டு சீரம் போதும். வால்வை வெட்டத் தேவையில்லை. ஆனால் அந்தக் கிருமிகள் பரவலாக உள்ள பகுதிகளில்தான் இப்படி அறுவடை கிடைக்கும். கல்ச்சர் தோல்விக்கு முன்கூட்டிய ஆன்டிபயாடிக்கே காரணமாக உள்ள ஊர்களில் எதிரணுச் சோதனை அவ்வளவு உதவாது.

ரத்தத்தில் தேடினால்

எல்லோருக்கும் அறுவை நடப்பதில்லை. அப்படியானால் ரத்தத்திலேயே 16எஸ் பிசிஆர் செய்யலாமே? இங்குதான் எதிர்பார்ப்பு அதிகமாகவும் விளைவு குறைவாகவும் இருக்கிறது. ஒரு மில்லிலிட்டர் ரத்தத்தில் ஏறத்தாழ 50 லட்சம் வெள்ளணுக்கள் உண்டு. ஒவ்வொன்றிலும் 600 கோடி எழுத்துகள் கொண்ட மனித டிஎன்ஏ. அதே அளவு ரத்தத்தில் பத்து ஸ்டாஃபிலோகாக்கஸ் இருப்பதாக வைத்துக்கொண்டால், ஒவ்வொன்றிலும் இருப்பது 28 லட்சம் எழுத்துகள். கணக்கிட்டால் பாக்டீரியாவின் ஓர் எழுத்துக்கு மனித எழுத்துகள் சுமார் நூறு கோடி.

மாதிரியின் அளவும் ஒரு சிக்கல். கல்ச்சருக்கு மூன்று முறை, ஒவ்வொரு புட்டிக்கும் எட்டு முதல் பத்து மில்லிலிட்டர் என்று ரத்தம் எடுக்கிறார்கள். பிசிஆருக்குப் போவது பெரும்பாலும் ஒரு மில்லிலிட்டர் அல்லது அதற்கும் குறைவு. அதிலிருந்து பிரித்த டிஎன்ஏவிலும் ஒரு பகுதிதான் வினைக்குள் இடப்படுகிறது. ரத்தத்தின் ஹீமும், அது உறையாமலிருக்கச் சேர்க்கும் ஹெப்பாரினும் வினையையே தடுக்கும். எனவே ரத்தத்தில் 16எஸ் பிசிஆர் எதிர்மறை என்று வந்தால் அதைக் கொண்டு தொற்று இல்லை என்று சொல்ல முடியாது. குறிப்பிட்ட கிருமிகளைத் தேடும் பிசிஆர் ரத்தத்தில் ஓரளவு மேல்.

கல்ச்சர் புட்டியில் ஏதோ வளர்ந்தபின் செய்யும், பல கிருமிகளை ஒரே சமயத்தில் தேடும் மல்டிபிளெக்ஸ் பிசிஆரின் கதை வேறு. அங்கே கிருமி கோடிக்கணக்கில் பெருகியிருக்கும். ஒன்று ஒன்றரை மணி நேரத்தில் இனத்தையும், மெக்ஏ போன்ற மருந்தெதிர்ப்பு மரபணுக்களையும் சொல்லிவிடும். ஆனால் அதற்கு முதலில் கல்ச்சர் வளர வேண்டும். வளராத கிருமிக்கு அது விடையல்ல.

கிடைத்த பெயரை எவ்வளவு நம்பலாம்

மூலக்கூறுச் சோதனை நேர்மறையாக வந்தாலும் நான்கு கேள்விகள் மிச்சமிருக்கின்றன.

முதலாவது மாசு. பாக்டீரியாவின் டிஎன்ஏ தோலிலும் காற்றிலும், டிஎன்ஏ பிரிக்கும் ரசாயனங்களிலும்கூட இருக்கிறது. எல்லா பாக்டீரியாவையும் பெருக்கும் சோதனை இந்த மாசையும் பெருக்கும். க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்னும் தோல் கிருமி ஆய்வக மாசாக அடிக்கடி தலைகாட்டும். செயற்கை வால்வில் உண்மையான தொற்றையும் அதுவே உண்டாக்கும். எந்த நோயாளியிடம் எது என்பதை இயந்திரம் தீர்மானிக்காது.

இரண்டாவது, டிஎன்ஏ இருப்பதால் கிருமி உயிரோடிருப்பதாகச் சொல்ல முடியாது. நிமோகாக்கஸ் வால்வுத் தொற்று தீர்ந்து ஏழு ஆண்டு கழித்தும் வால்வில் அதன் டிஎன்ஏ இருந்ததாக 2003இல் ஓர் ஆய்வு பதிவானது. சிகிச்சையின் இறுதியில் நேர்மறையாக வரும் பிசிஆர் மருந்து தோற்றுவிட்டதற்குச் சான்று ஆகாது. அறுவைக்குப் பின் சிகிச்சையைப் புதிதாகத் தொடங்க வேண்டுமா என்பதை வால்வுக் கல்ச்சரைக் கொண்டே ஐரோப்பிய வழிகாட்டுதல் தீர்மானிக்கச் சொல்கிறது. பிசிஆர் மட்டும் நேர்மறையாக இருந்தால் நாட்கணக்கு முதல் சரியான மருந்து தொடங்கிய தேதியிலிருந்தே ஓடும். இதை அறியாத மருத்துவர் நோயாளியை வீணாக இன்னும் ஆறு வாரம் படுக்கையில் வைத்திருக்கக்கூடும். பெர்லின் ஆய்வாளர்கள் இதற்கு ஒரு வழி காட்டினர்: ஒளிரும் குறிகளைத் திசுவிலேயே ஒட்டவைக்கும் ஃபிஷ் முறை. வால்வில் கிருமி எங்கே, எத்தனை அடர்த்தியாக இருக்கிறது, அதன் ரைபோசோம்கள் இன்னும் நிறைந்திருக்கின்றனவா என்று நுண்ணோக்கியில் நேரே பார்க்க முடிகிறது.

மூன்றாவது, துல்லியம். ஸ்ட்ரெப்டோகாக்கஸ் மைட்டிஸும் நிமோகாக்கஸும் 16எஸ் வரிசையில் ஏறக்குறைய ஒன்றே. அவற்றைப் பிரிக்க ஆர்பிஓபி போன்ற வேறு மரபணுக்கள் தேவை. நான்காவது, மருந்து. எந்த ஆன்டிபயாடிக் வேலை செய்யும் என்பதை 16எஸ் சொல்லாது. பெனிசிலினுக்குத் துல்லியமான அளவைக் கணக்கிட இன்றும் உயிருள்ள கிருமி கையில் வேண்டும்.

விதிகள் மெல்ல மாறின

டியூக் பல்கலைக்கழகம் 1994இல் வகுத்த நோயறியும் விதிகள் உலகெங்கும் பின்பற்றப்படுகின்றன. 2000இல் அவற்றைத் திருத்தியபோது காக்ஸியெல்லா எதிரணு அளவு பெரிய சான்றாகச் சேர்ந்தது. பிசிஆருக்கு இடம் தரவில்லை. 2023இன் டியூக்–ஐஎஸ்சிவிஐடி திருத்தத்தில்தான் மாற்றம் வந்தது. காக்ஸியெல்லா, பார்ட்டோனெல்லா, ட்ரோஃபெரிமா விப்ளெயி ஆகியவற்றின் டிஎன்ஏ ரத்தத்தில் கிடைத்தால் பெரிய சான்று. வால்வுத் திசுவில் மருத்துவ அறிகுறிகளுடன் பொருந்தும் கிருமி மூலக்கூறு முறையில் உறுதியானால் நோய் உறுதி. ஆனால் வால்விலோ பேஸ்மேக்கர் கம்பியிலோ தோல் கிருமி ஒன்று பிசிஆரில் ஒரே ஒருமுறை கிடைத்து, வேறு எந்த ஆதரவும் இல்லாவிட்டால், அது சிறிய சான்று மட்டுமே. புதிய கருவிக்கு இடம்கொடுத்த விதி, அதன் பலவீனத்தையும் கணக்கில் எடுத்திருக்கிறது.

அடுத்த தலைமுறை

இப்போது கவனம் மெட்டாஜீனோமிக் வரிசைப்படுத்தலின் மீது. ஒரே மரபணுவைத் தேடுவதை விட்டு, மாதிரியில் உள்ள டிஎன்ஏ துண்டுகள் அனைத்தையும் படித்து மனிதனுடையதைக் கழிக்கிறார்கள். பிளாஸ்மாவில் மிதக்கும், செல்லிலிருந்து பிரிந்த நுண்ணுயிர் டிஎன்ஏவைத் தேடும் சோதனை இதில் நம்பிக்கை தருகிறது. 2023இல் டியூக் குழுவினர் வெளியிட்ட சிறிய ஆய்வில், ஆன்டிபயாடிக் தொடங்கிச் சில நாட்களிலேயே கல்ச்சர் எதிர்மறையானது. பிளாஸ்மா டிஎன்ஏ ஒரு மாதத்துக்கும் மேலாகத் தென்பட்டது. மருந்து கொடுத்தபின் வந்துசேரும் நோயாளிக்கு இது பெரிய ஆதாயம். விலையும், எங்கோ உள்ள ஆய்வகத்துக்கு அனுப்பிக் காத்திருக்கும் காலமும், நீளமான முடிவுப் பட்டியலில் உண்மையான குற்றவாளியைப் பொறுக்கும் சிரமமும் இன்னும் தடையாக உள்ளன.

முழு மரபணுத் தொகுதியைப் படிக்கும் முறை வேறொரு துறையில், தொற்றின் மூலத்தைத் தேடுவதில், தன் வலிமையைக் காட்டியது. திறந்த இதய அறுவையில் பயன்படும் வெப்ப–குளிர்க் கருவிகளின் நீர்த்தொட்டியில் வாழ்ந்த மைக்கோபாக்டீரியம் கைமேரா, நீர்த்திவலைகளாகப் பரவிச் செயற்கை வால்வுகளில் தங்கியது. நோய் வெளிப்பட மாதங்களும் ஆண்டுகளும் ஆயின. பல நாடுகளின் நோயாளிகளிடமிருந்தும் கருவிகளிலிருந்தும் எடுத்த கிருமிகளின் மரபணுத் தொகுதிகள் மிக நெருக்கமாக ஒத்திருந்தன. எனவே ஒவ்வொரு மருத்துவமனையின் குழாய்நீரையும் குறைசொல்ல முடியவில்லை. சான்றுகள் ஜெர்மனியில் கருவி தயாரான இடத்தையே சுட்டின. 2017இல் இந்த ஒப்பீடு வெளிவந்தது.

இந்தியச் சூழலில்

மேலை நாடுகளில் வால்வுத் தொற்று பெரும்பாலும் முதியவர்களின் நோய். செயற்கை வால்வும் பேஸ்மேக்கரும் அதன் களம். இந்தியாவில் ருமாட்டிக் காய்ச்சலால் சிதைந்த வால்வோடு இளம் வயதில் வருபவர்கள் இன்னும் கணிசம். அவர்களில் பலர் பெரிய மருத்துவமனையை அடையுமுன் இரண்டு மூன்று இடங்களில் ஊசியும் மாத்திரையும் பெற்றிருப்பார்கள். 2014 மார்ச்சில் நடைமுறைக்கு வந்த எச்1 அட்டவணை, மூன்றாம் தலைமுறை செஃபலோஸ்போரின் உள்ளிட்ட மருந்துகளை மருந்துச்சீட்டில்லாமல் விற்பதைத் தடுத்து, விற்பனையைப் பதிவேட்டில் எழுதச் சொல்கிறது. சீட்டு எழுதும் மருத்துவரே கல்ச்சருக்கு முன் மருந்தைத் தொடங்கினால் அந்த அட்டவணையால் என்ன செய்ய முடியும்?

ஆகவே வரிசைப்படுத்தும் இயந்திரம் வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவை அதிகச் செலவில்லாதவை. வால்வுக் கோளாறு உள்ளவருக்குக் காரணம் புரியாத காய்ச்சல் நீடித்தால், முதல் மாத்திரைக்கு முன் மூன்று செட் கல்ச்சர் எடுப்பது ஒன்று. கல்ச்சர் வளராவிட்டால் ஆடு, மாடு, பூனை, காய்ச்சாத பால் பற்றி நோயாளியிடம் கேட்டு, அதன்படி காக்ஸியெல்லா, பார்ட்டோனெல்லா, புரூசெல்லா எதிரணுச் சோதனைகளை அனுப்புவது மற்றொன்று. மூன்றாவதாக அறுவை அரங்கில் ஒரு சிறு பழக்கம் மாற வேண்டும். வெட்டிய வால்வு முழுவதையும் ஃபார்மலினில் போட்டு நோய்க்குறியியல் துறைக்கு அனுப்பிவிட்டால் கல்ச்சருக்கு வழியே இல்லை. ஃபார்மலின் டிஎன்ஏவையும் சிதைக்கும். வால்வை மூன்றாகப் பிரித்து, ஒன்றைக் கல்ச்சருக்கும் ஒன்றைத் திசுப் பரிசோதனைக்கும் கொடுத்து, ஒன்றை ஃபார்மலின் இல்லாத தூய்மையான குப்பியில் உறையவைத்தால் போதும். ஊரில் பிசிஆர் வசதி இல்லாவிட்டாலும் அந்தத் துண்டை வேறு ஆய்வகத்துக்குப் பிறகு அனுப்பலாம்.

மாநிலத்துக்கு ஓரிரு அரசு ஆய்வகங்கள் 16எஸ் சோதனையை நம்பத்தக்க தரத்தில் செய்தால், சிறிய மையங்கள் எல்லாம் தனித்தனியே கருவி வாங்க வேண்டியதில்லை. மாசைத் தவிர்க்கும் ஒழுக்கம், வெற்று மாதிரிகளை ஒவ்வொரு முறையும் கூடவே ஓட்டுவது, முடிவை இதய மருத்துவர், நுண்ணுயிரியலாளர், அறுவை நிபுணர் மூவரும் சேர்ந்து படிப்பது ஆகியவை கருவியின் விலையைவிட முக்கியம். இந்தியாவில் வால்வைத் தாக்கும் கிருமிகளின் உண்மையான பட்டியல் அதன்பின்தான் தெரியவரும். காக்ஸியெல்லா நம்மிடம் அரிதா, தேடாததால் அரிதாகத் தோன்றுகிறதா என்பதற்கும் விடை கிடைக்கும். அதுவரை மார்செய்யின் பட்டியலை வைத்துக்கொண்டு இங்குள்ள நோயாளிகளுக்கு மருந்து எழுதிக்கொண்டிருப்போம்.